இரண்டாவது அடுப்பு

ஈஜோக் பக்கம், ஆற்றை ஒட்டிய சின்ன ஊரான எங்கள் கம்பத்தில் யார் வீட்டுக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். முப்பது வருடம் ரவாங்கில் ஒரு பேக்டரி ஆபீசில் கிராணியாக உட்கார்ந்து கடிதம் எழுதின பாவத்துக்கு இது தண்டனை. உறையைக் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் இரண்டு வரி படிப்பதற்குள் நல்ல சேதியா என்று கேட்பார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து எந்தக் காலத்தில் நல்ல சேதி வந்திருக்கிறது? ஷாமளா அக்காவுக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரில் பேர். வாய் திட்டிக்கொண்டிருக்கும்போதே கை பேனாவை எடுத்துவிடும், அதுவும் ஊருக்குத் தெரியும்.

எஸ்டேட்டை விற்றபோது தொழிலாளர் லயத்தில் இருந்த நாற்பது குடும்பத்துக்கும் ஆற்றோரமாக ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுத்தார்கள். எஸ்டேட் காலத்தில் ஒரு செம்பனைக் கன்றுகூட நடாத இடம் அது. சொந்த நிலம் என்று பேப்பர் கையில் கிடைத்த சந்தோஷத்தில், ஏன் இங்கே மட்டும் நடாமல் விட்டார்கள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அப்புறம் வருடா வருடம் ஆறே வந்து பதில் சொல்லிவிட்டுப் போனது. கணுக்காலுக்கு வரும், முட்டிக்கு வரும். நாலு வருடத்துக்கு முன்னால் டிசம்பரில் வந்த பெரிய வெள்ளத்தில் ஜன்னலுக்கு மேலே ஏறியது. அதற்குப் பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டது. மேட்டில் புது வீடு, குடும்பத்துக்கு ஒன்று, பழைய வீடுகளை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஆற்றுக்குக் கரை எழுப்புவார்கள் என்று அறிவிப்பு வந்தது. மனு எழுதி உதவி செய்ய ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். ஊர் என் பக்கம் கையைக் காட்டியது.

அக்டோபரில் ஒரு மத்தியானம் செல்லையா அண்ணன் கடிதத்தோடு வந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், ஐம்பத்தாறு வயது. சேற்று பூட்சைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

படித்தேன். குடும்பத் தலைவர் செல்லையா. குடும்பத்தில் ஐந்து பேர். வீடு ஒன்று. மார்ச் மாதம் சாவி தருவார்கள், அதே மாதம் பழைய வீட்டை இடிப்பார்கள். அந்த ஐந்து பேர் யாரென்று எனக்குத் தெரியும். செல்லையா அண்ணனும் அவர் மனைவி திலகாவும் இரண்டு. தம்பி ரெங்கசாமி, அவன் மனைவி தங்கமணி, மகள் ஷர்மினி, அது மூன்று. ஒரே கூரைதான். ஆனால் நடுவில் ஜிங்க் தகடு அடித்து முன்பக்கம் அண்ணனும் பின்பக்கம் தம்பியுமாக நாலு வருடம் ஆகிறது. பின்பக்கம் இறக்கிக் கட்டிய சாய்ப்பில் தங்கமணிக்குத் தனி அடுப்பு. அண்ணன் தம்பிக்குள் பேச்சு கிடையாது. இரண்டு குடும்பத்தை ஒன்றாக எழுதிய இந்தத் தப்பில் எனக்கும் பங்கு இருந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அண்ணன் தம்பி அடுப்பைப் பிரித்துக்கொள்வது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். ஆனால் அதை வெளியாள் கண்ணில் காட்டக் கூடாது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் மூன்று வருடமாகப் பேசாத சித்தப்பன் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் சிரித்துக்கொண்டு நிற்பான். வந்தவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் செருப்பை மாட்டிக்கொண்டு அவன் வழியில் போய்விடுவான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. வெளியாள் வந்தால் வீடு ஒன்றாகிவிடும், அவ்வளவுதான்.

போன வருடம் மாவட்ட அலுவலகத்துப் பெண் கணக்கெடுக்க வந்தபோது அதுதான் நடந்தது. நான்தான் அவளை வீடு வீடாக அழைத்துக்கொண்டு போனேன். நாங்கள் செல்லையா வீட்டு வாசலில் நிற்கும்போதே உள்ளே சாமான் இழுபடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் நடுத்தகட்டில் இருந்த கதவு விரியத் திறந்திருந்தது. தங்கமணியின் அடுப்பு கட்டிலுக்கு அடியில் சாரோங் சுற்றிப் படுத்திருந்தது. தங்கமணி திலகாவின் அடுப்படியில் நின்று பால் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள், ஆண்டாண்டு காலமாக அங்கேயே நிற்கிறவளைப் போல. இங்கே எத்தனை அடுப்பு என்று அந்தப் பெண் மலாயில் கேட்டாள். ஒன்றுதான் என்றாள் திலகா. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அடுப்புக் கணக்குதான் வீட்டுக் கணக்கு என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நிமிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பேனா என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. நானும் இந்த ஊர்க்காரிதானே.

விஷயத்தை அண்ணனிடம் உடைத்துச் சொன்னேன். முப்பது நாளில் அப்பீல் போடலாம். நாங்கள் இரண்டு குடும்பம், தனித்தனியாகச் சமைக்கிறோம், பிரிந்து இத்தனை வருடம் ஆகிறது என்று குடும்பத் தலைவர் சத்தியக் கடிதம் கொடுக்க வேண்டும். அதிகாரி திரும்ப வந்து பார்ப்பார். சரியென்று பட்டால் ரெங்கசாமி பேரில் இன்னொரு வீடு. அப்பீல் போடாவிட்டால் மார்ச் மாதம் அவனும் தங்கமணியும் பிள்ளையும் எங்கே போவார்கள்? கூட இருந்துகொள்ளச் சொல்லலாம் என்றால், பேசாத இரண்டு குடும்பம் மூன்று அறைக்குள் எத்தனை நாள் இருக்கும்?

அண்ணன் அப்போதுதான் உட்கார்ந்தார்.

"நானும் என் தம்பியும் பிரிஞ்சிட்டோம்னு நான் என் கையால எழுதிக் குடுக்கணுமா?"

"நாலு வருஷமா நீங்க ரெண்டு பேரும் பேசலலா அண்ணே."

"பேசாம இருக்கறது வேற தங்கச்சி. எழுதிக் குடுக்கறது வேற."

எழுந்து பூட்சை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கடிதம் என் மேசை மேலேயே கிடந்தது.

சாயங்காலம் நான் பின்பக்கமாகப் போய் ரெங்கசாமியைப் பார்த்தேன். ரவாங்கில் ஒரு பேக்டரியில் போர்க்லிப்ட் ஓட்டுகிறான். வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் சாய்ப்பில் உட்கார்ந்து வெறும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் சொன்னதைச் சொன்னதும் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது.

"அவரு எழுத மாட்டாருக்கா. ஊருக்கு நல்லவரா இருக்கணும்லா. அன்னிக்கு போட்டுல எடமில்ல, சரி, நான் ஒண்ணும் சொல்லல. எறங்கின ஒடனே எந்தம்பி உள்ள கெடக்கான், திரும்பிப் போங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? புள்ள ராத்திரி பூரா மூச்சு இழுத்துக்கிட்டு கெடந்துச்சி."

அன்னிக்கு என்று அவன் சொன்னது பெரிய வெள்ளத்து நாள். தீயணைப்புக்காரர்களின் போம்பா படகுகள் போதாமல், பாசிர் பெனம்பாங் மீனவர்கள் தங்கள் போட்டுகளை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து உதவினார்கள். அதில் ஒன்று இருட்டுகிற நேரத்தில் செல்லையா வீட்டு முன்வாசலுக்கு வந்தது. அண்ணனும் திலகாவும் ஏறிக்கொண்டார்கள். பின்பக்கம் ரெங்கசாமி, பொண்டாட்டி, ஒன்பது வயது ஷர்மினி மூன்று பேரும் மேசை மேல் கட்டிலைப் போட்டு அதன் மேல் ஏறி மறுநாள் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைக்கு மூச்சு வியாதி வேறு. போட்டில் இடமில்லை, அதனால்தான் விட்டுவிட்டுப் போனார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். பள்ளி மண்டபத்திலிருந்து எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிய மறுநாளே ரெங்கசாமி ஜிங்க் தகடு வாங்கி வந்து அடித்தான். அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை. தகட்டின் இந்தப் பக்கம் நின்று ஆணி இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். திலகா சொல்லியிருக்கிறாள்.

நாள் போய்க்கொண்டிருந்தது. நான் அண்ணன் வீட்டுக்கு இரண்டு தடவை நடந்தேன். முதல் தடவை லோரி பழுது என்று அதற்கு அடியில் படுத்துக்கொண்டார். இரண்டாம் தடவை தூங்குகிறார் என்றாள் திலகா, உள்ளே அவர் இருமுவது எனக்குக் கேட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் இரண்டு பேர் ரோஷத்துக்கும் நடுவில் அந்தப் பிள்ளை எங்கே போய்ப் படிக்கும் என்று வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு ஜன்னல்களெல்லாம் திறந்தன. திறக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இருபத்தெட்டாம் நாள் காலையில் அண்ணன் கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு என் வாசலில் நின்றார். என் பழைய காஞ்சில் காரில் கோலா சிலாங்கூருக்குப் போனோம். வழி முழுக்க மழை. சத்தியக் கடிதத்தில் முத்திரை குத்துகிறவரின் ஆபீஸ் ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நான் எழுதினதை வரிவரியாக அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். பிரிந்ததற்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே என்ன எழுத என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குடும்ப விஷயம்னு எழுதும்மா."

அப்படியே எழுதினேன். கையெழுத்துப் போட்டார். லோரி ஸ்டியரிங்கை வருடக் கணக்கில் பிடித்த கை, பேனாவை அழுத்திப் பிடித்துத் தாளைக் கிழித்துவிடும் போலிருந்தது. திரும்பும்போது ரோட்டோரக் கடையில் காரை நிறுத்தச் சொன்னார். ஒரு பாக்கெட் முறுக்கு வாங்கி என் மடியில் வைத்தார். ஷர்மினியிடம் கொடு, நீ வாங்கினதாகச் சொல்லு என்றார். இப்படி ஒரு ஜென்மத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது சொல்லுங்கள்?

நவம்பர் கடைசியில் தண்ணீர் வந்தது. பெரிய வெள்ளமில்லை. முட்டிக்கு வந்து இரண்டு நாளில் இறங்கிவிட்டது. பள்ளி மண்டபத்தைக்கூடத் திறக்கவில்லை, செய்தியிலும் வரவில்லை. ஆனால் ஆற்றுப் பக்கமிருந்து வந்த இழுப்பில் ரெங்கசாமியின் பின்பக்கச் சாய்ப்பு அப்படியே சரிந்தது. அடுப்பு, கேஸ், அரிசி டப்பா, தங்கமணியின் மிளகாய்த்தூள் பாட்டில்கள் எல்லாம் ஆற்றோடு போயின. அதோடு பிய்ந்துபோன நடுத்தகடு மட்டும் ஒரு முருங்கை மரத்தில் சிக்கிக்கொண்டு நின்றது.

தண்ணீர் இறங்கின மறுநாள் நான் போனபோது திலகா அடுப்படியில் இரண்டு பெண்களும் நின்றிருந்தார்கள். திலகா கருவாட்டை அலசிக்கொண்டிருந்தாள், தங்கமணி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். யார் யாரைக் கூப்பிட்டது என்று நான் கேட்கவில்லை. அரிசியும் அடுப்பும் மிஞ்சினது இங்கேதான், பிள்ளைக்குப் பசி. வேறு என்ன பேச்சு வேண்டியிருக்கிறது? ஆண்கள் இரண்டு பேரும் முன்னறையில் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளச் சேறு சாதாரணச் சேறு இல்லை. எண்ணெய் கலந்து பிசுபிசுவென்று ஒட்டும், நாற்றம் மூக்கைவிட்டுப் போகாது. ஒருத்தர் தள்ள, ஒருத்தர் வாளியில் அள்ள வேண்டும், தனியாளால் ஆகாது. "அந்தச் சங்குல இப்படிக் குடு" என்றார் அண்ணன். ரெங்கசாமி சங்குலை எடுத்து நீட்டினான். நாலு வருடத்தில் முதல் பேச்சு மண்வெட்டியைப் பற்றி.

அடுத்தடுத்த நாட்களில் நான் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அங்கே போனேன். ஒரே சோற்றுப் பானையைச் சுற்றி ஐந்து பேர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மெத்தைகளை வெயிலில் போட்டுத் திருப்பினார்கள். ஷர்மினி பெரியப்பா லோரியில் ஏறி ஸ்கூல் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போனாள். பெரிய பேச்சு ஒன்றும் கிடையாது. வெள்ளத்து நாளைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. உப்புப் போதுமா, குழம்பு ஊற்றவா, நாளைக்கு மழை வருமா, இவ்வளவுதான். அதைக் கேட்கவே எனக்கு வயிறு நிறைந்தது. மனு எழுதி எழுதி அலுத்துப் போனவளுக்கு அப்படி ஒரு காட்சி தேவையாயிருந்தது.

பதினோராம் நாள் போன் வந்தது. அப்பீலைப் பார்க்க நாளை காலை பத்து மணிக்கு அதிகாரி வருகிறார். போனை வைத்தபிறகுதான் எனக்கு உறைத்தது. போன வருடம் இரண்டு அடுப்பு இருந்தபோது ஒன்று என்று காட்டினோம். இப்போது நிஜமாகவே ஒன்றுதான் இருக்கிறது, இரண்டு என்று காட்ட வேண்டும்.

என் வீட்டில் பழைய ஒற்றை அடுப்பு ஒன்று சும்மா கிடந்தது. அதைக் காரில் போட்டுக்கொண்டு விடிந்ததும் போனேன். அதைப் பார்த்ததும் திலகாவுக்கு முகம் வாடிவிட்டது. இப்போதுதானே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறோம் ஷாமளா, இன்றைக்கேவா என்றாள். ஒரு மணி நேரத்துக்குத்தான், அதிகாரி போனதும் நானே எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றேன். ரெங்கசாமிக்குச் சிரிப்பு வந்தது. முருங்கை மரத்தில் கிடந்த தகட்டைத் தூக்கி வந்து முன்னிருந்த இடத்திலேயே சாத்தினான். அண்ணன் மறுமுனையைப் பிடித்தார். கேஸ் ஒன்றைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினோம். தங்கமணி அந்தப் பக்கம் உலை வைத்தாள். நாலு பேரும் கிட்டத்தட்ட விளையாட்டுப் போலத்தான் செய்தார்கள்.

வந்தவள் அதே பெண்தான், நோராஸ்லினா. முப்பது வயது இருக்கும். மழைக்கோட்டும் ரப்பர் பூட்சுமாக, பைலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவளுக்கு இது ஆறாவது வீடாம். டீ வேண்டாம், தண்ணீர் போதும் என்றாள். கண் சிவந்திருந்தது, எங்களைப் போலவே அவளும் தூங்கி நாளாகியிருக்கும்.

முதலில் முன்பக்கம் பார்த்தாள். பிறகு பின்பக்கம் போய் என் அடுப்பைப் பார்த்தாள். குனிந்து விரலால் தொட்டாள். அடுப்பைச் சுற்றிச் சுவரில் ஒரு எண்ணெய்ச் சொட்டு இல்லை. திலகாவின் சட்டியைத் திறந்தாள், கருவாடும் கத்தரிக்காயும். தங்கமணியின் சட்டியைத் திறந்தாள், அதே கருவாடு, அதே கத்தரிக்காய். நேற்று வைத்த குழம்பைக் காலையில் பாதியாக ஊற்றி வைத்திருந்தார்கள். மூளையே இல்லையா இவர்களுக்கு என்று எனக்குள் திட்டினேன். அவள் தங்கமணியிடம் உப்பு எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டாள். தங்கமணியின் கை தகட்டைத் தாண்டி திலகாவின் அலமாரிக்குப் போயிற்று. பாதி வழியில் நின்றது.

நோராஸ்லினா பைலை மூடினாள். கோபமில்லை, கடுமையில்லை. வெள்ளத்தில் அடுப்படி போய்விட்டது என்று நான் மூச்சுவிடாமல் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள். இன்னொரு கம்பத்தில் பக்கத்து வீட்டு அடுப்பைக் கடன் வாங்கி வைத்திருந்தார்கள் அக்கா, இரண்டு வீடு கிடைக்கும் என்று. நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். இங்கே ஒரு குடும்பம்தான் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் குடும்ப விஷயம் என்று போட்டிருக்கிறீர்கள், எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். நம்பி எழுதுகிற மாதிரி எனக்கு ஏதாவது கொடுங்கள்.

ரெங்கசாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மார்ச் மாதம் வந்தால் அவனுக்கு வீடில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அவள் பைலைப் பையில் சுற்ற ஆரம்பித்தாள்.

அப்போது செல்லையா அண்ணன் பேசினார். அவள் பக்கம் திரும்பி, அவருக்குத் தெரிந்த கம்பத்து மலாயில் பேசினார். தம்பியைப் பார்க்கவில்லை.

பெரிய வெள்ளத்தன்று போட்டு வந்தது, நானும் என் மனைவியும் ஏறினோம் என்றார். அவள் சுற்றுவதை நிறுத்தினாள். உள்ளே இன்னும் ஆள் இருக்கிறார்களா என்று போட்டுக்காரன் கேட்டான். நான் இல்லை என்று சொன்னேன்.

ரெங்கசாமி தலையைத் தூக்கினான்.

தெரியாமல் சொன்னீர்களா அங்கிள் என்று கேட்டாள் அவள். பின்பக்கம் வெளிச்சமில்லை, சத்தமுமில்லை, முன்னாடியே போய்விட்டான் என்று நினைத்தேன் என்றார். போய்ப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை. தண்ணீர் இடுப்புக்கு இருந்தது. பயமாயிருந்தது. சீக்கிரம் போனால் போதும் என்று இருந்தது.

பிறகு அவள், போட்டில் இடம் இருந்ததா என்று கேட்டாள்.

"இருந்தது" என்றார் அண்ணன். "மூன்று பேருக்கு இடம் இருந்தது."

மலாயில் சொன்னதைத்தான் நான் தமிழில் எழுதுகிறேன். அங்கே யாருக்கும் நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் புரிந்தது. திலகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். போட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். அவளுக்கு எப்போதும் தெரியும்.

அண்ணன் நிறுத்தவில்லை. இடமில்லை என்று ஊர் பேசியது, நான் திருத்தவில்லை. அவனும் அதை நம்பிக்கொண்டிருக்கிறான். அவன் கோபித்துக்கொண்டு தகடு அடித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்று. நாலு வருடமாகப் பேசாதது அவன் இல்லை, நான். இதைக் காரணமாக எழுதிக்கொள்ளுங்கள், இது பொய்யில்லை என்றார்.

மழை மறுபடி தூற ஆரம்பித்திருந்தது. நோராஸ்லினா ரெங்கசாமியைப் பார்த்து, உங்களுக்கு இது முன்பே தெரியுமா என்று கேட்டாள். அவன் இல்லையென்று தலையசைத்தான். அவன் முகத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பைலைத் திறந்து, நின்றபடியே எழுதினாள். அரைப் பக்கத்துக்கு மேல் எழுதினாள். அடுப்புகள் என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதியிருந்ததை அடித்து இரண்டு என்று போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைத்ததை நான் பார்த்தேன். இரண்டு வாரத்தில் கடிதம் வரும், கவலைப்பட வேண்டாம் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அவளைக் கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

நான் திரும்பி வந்தபோது யாரும் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்திருக்கவில்லை. திலகா மட்டும் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் ஐந்து தட்டுகளை எடுத்து வைத்திருந்தாள். வா தங்கமணி, பிள்ளை வருகிற நேரம், சாப்பிட்டு முடிப்போம் என்றாள். தங்கமணி புருஷனைப் பார்த்தாள். அவள் தன் சட்டியை எடுத்து தகட்டுக்குப் பின்னால் இருந்த என் அடுப்பில் வைத்தாள்.

இந்த மாதிரி நேரத்தில் எதையாவது செய்தால்தான் எனக்கு மூச்சு வரும். சொன்னபடி அடுப்பை எடுத்துக்கொண்டு போகிறேன், நீங்கள் தகட்டைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டே குனிந்தேன். ரெங்கசாமி என் கையைத் தடுத்தான். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இருக்கட்டும்க்கா. அடுப்பு எங்களுக்கு வேணும்."

நான் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தேன். அவர் தகட்டின் மறுபக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சரி என்று மட்டும் சொல்லிவிட்டு நான் வெளியே வந்தேன். இரண்டு வீடு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஊரில் நாளைக்கு என்னைப் பாராட்டுவார்கள். நான் காரில் ஏறாமல் வாசலில் நின்றேன்.

அண்ணன் லோரிச் சாவியோடு என் பின்னாலேயே வாசலுக்கு வந்தார். மத்தியான நடைக்குக் குலை ஏற்ற வேண்டும், நேரமாகிவிட்டது என்றார். ஆனால் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவனுக்கு வீடு கெடைச்சிடும்லா, தங்கச்சி?"

"கெடைச்சிடும் அண்ணே."

"நிச்சயமா?"

"அந்தப் பொண்ணு எழுதிட்டா அண்ணே. நான் பாத்தேன்."

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு ஏறி உட்கார்ந்து லோரியைக் கிளப்பினார். மழையில் வைப்பரைப் போட மறந்துவிட்டுப் போனார்.